நம் வீடா, எங்கள் வீடா? பழக்கமில்லாத நிரல்மொழியைக் கற்பது பற்றி

"அண்ணா, நீங்க ரஸ்ட்ல ஜாவா எழுதுறீங்க."

அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தம்பி சொன்னது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை அவனுக்கு. நான் இருபது வருடமாக ஜாவாவில் குப்பை கொட்டுகிறவன். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் திரையைத் திரும்பப் பார்த்தால் பையன் சொன்னது சரி. அரைப்புள்ளி, அடைப்புக்குறி, வகைப்பெயர் எல்லாம் ரஸ்ட் மொழியில் எப்படி இருக்கணுமோ அப்படித்தான் இருந்தன. யோசனைதான் முழுக்க ஜாவா. கம்பைலர் திட்டின இடத்திலெல்லாம் ஒரு 'குளோன்' போட்டிருந்தேன். அதாவது, தரவுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்து அதன் வாயை அடைத்திருந்தேன். நாற்பது வரி நிரலில் பதினொரு குளோன்.

ஏற்கெனவே ஒரு மொழியில் நிரல் எழுதத் தெரிந்த ஒருவர், முற்றிலும் பழக்கமில்லாத இன்னொரு மொழிக்குள் நுழையும்போது என்ன செய்யலாம், எங்கே சறுக்கும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எனக்கு அண்மையில் நடந்தது ரஸ்ட் என்பதால் உதாரணம் முழுக்க ரஸ்ட். நீங்கள் ஹாஸ்கெல்லோ எர்லாங்கோ கற்பதாக இருந்தால் விவரங்கள் மாறும், சிக்கல் பெரும்பாலும் இதேதான்.

முதலில் ஒரு சின்னச் சுற்று.

ஆங்கிலத்தில் 'அவர் ஹவுஸ்' என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். தமிழில் மாற்ற வேண்டும். நம் வீடா, எங்கள் வீடா? கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் நம் வீடு. அவரை விட்டுவிட்டுச் சொன்னால் எங்கள் வீடு. ஆங்கிலத்தில் எழுதியவர் அதைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார், அவருடைய மொழி அவரிடம் அதைக் கேட்கவில்லை. தமிழ் கேட்கிறது. பதில் சொல்லாமல் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது.

திருப்பியும் நடக்கும். நாம் இந்தி கற்கும்போது 'கிதாப்' பெண்பால், 'கர்' ஆண்பால் என்பார்கள். புத்தகம் எப்படிப் பெண்ணாகும், வீடு எப்படி ஆணாகும் என்று நமக்குக் கோபம் வரும். நமக்கு அது அஃறிணை, அதோடு முடிந்தது. இந்திக்கு அது முடியவில்லை. வினைச்சொல்லே அதைப் பொறுத்து மாறுகிறது.

மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1959-இல் மொழிபெயர்ப்பு பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்குகிறார். எந்த மொழியிலும் எதையும் சொல்லிவிடலாம். மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன என்பதில்தான். மனித மொழிகளைப் பற்றி அவர் சொன்னது நிரல்மொழிகளுக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். ரஸ்டில் செய்யக்கூடிய எதையும் ஜாவாவிலோ சி-யிலோ எப்படியாவது செய்துவிடலாம். ஆனால் ஜாவா என்னிடம் இருபது வருடமாகக் கேட்காத கேள்விகளை ரஸ்ட் முதல் நாளே கேட்டது. பதில் தெரியாததால் குளோன் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே, புது மொழியைத் திறந்ததும் 'லூப் எப்படி எழுதுவது, இஃப் எப்படி எழுதுவது' என்று பட்டியல் போடாதீர்கள். அது ஒரு மாலைப்பொழுதில் வந்துவிடும். 'என் பழைய மொழியில் நான் சொல்லாமலே விட்டுவந்த எதை இது சொல்லச் சொல்கிறது?' என்று தேடுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் அப்படி இரண்டு மூன்று கேள்விகள்தான் இருக்கும். அவை பிடிபட்டால் மீதி தானாக வரும்.

ரஸ்டின் முதல் கேள்வி: இது யாருடைய சொத்து?

ஜாவாவில் ஒரு பட்டியலை உருவாக்கி அதை நாலு இடத்துக்கு அனுப்புகிறோம். நாலு பேரிடமும் ஒரே வீட்டின் சாவி. யார் உரிமையாளர் என்று யாரும் கேட்பதில்லை. கடைசி ஆளும் சாவியைத் தூக்கி எறிந்த பிறகு குப்பை அள்ளும் நிரல் ஒன்று வந்து வீட்டை இடித்து இடத்தை மீட்டுக்கொள்ளும். வசதிதான். சி மொழியில் அந்த ஆளும் கிடையாது, இடிக்க வேண்டியது நாமே. மறந்தால் இடம் வீண். இருமுறை இடித்தால் விபரீதம். இடித்த வீட்டுக்குள் பழைய சாவியோடு போனால் அதைவிட விபரீதம். மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்ன கணக்குப்படி, அவர்கள் ஆண்டுதோறும் ஒட்டுப் போடும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இந்த மாதிரி நினைவகக் கோளாறுகளால் வந்தவை.

ரஸ்ட் மூன்றாவது வழியில் போகிறது. ஒவ்வொரு தரவுக்கும் ஒரே ஓர் உரிமையாளர். அந்த உரிமையாளர் இருக்கும் கட்டம் முடிந்ததும் தரவும் போய்விடும். இன்னொரு பெயருக்கு அதைக் கொடுத்தால், பத்திரத்தை எழுதிக் கொடுத்த மாதிரி. பழைய பெயருக்கு அதன்மேல் உரிமை இல்லை. அதற்குப் பிறகு பழைய பெயரைப் பயன்படுத்தினால் கம்பைலர் நிறுத்திவிடும். ரஸ்ட் கற்கும் எல்லோரும் முதல் வாரத்தில் முட்டிக்கொள்ளும் 0382-ஆம் எண் பிழை இதுதான்.

எழுதிக் கொடுக்காமல் இரவலாகவும் கொடுக்கலாம். அதில்தான் புகழ்பெற்ற விதி வருகிறது: ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாசிக்க இரவல் வாங்கலாம். அல்லது ஒரே ஒருவர் மட்டும் திருத்த இரவல் வாங்கலாம். இரண்டும் சேர்ந்து கூடாது.

இந்த விதியை மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் மறந்துவிடும், அல்லது எரிச்சல் வரும். எனக்கு இரண்டுமே நடந்தது. ஏன் இந்த விதி என்று தெரிந்தபோதுதான் அடங்கினேன். சி++ தெரிந்தவர்களுக்கு 'வெக்டர்' தெரியும். நாலு பொருளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது, நாலும் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் பொருளின் முகவரியை நீங்கள் ஒரு துண்டுச்சீட்டில் குறித்து வைத்திருக்கிறீர்கள். இப்போது ஐந்தாவது பொருளைச் சேர்க்கிறீர்கள். இருக்கிற இடத்தில் இடமில்லை. வெக்டர் பெரிய மனையாகப் பார்த்து எல்லாவற்றையும் அங்கே குடிமாற்றிவிட்டுப் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். உங்கள் துண்டுச்சீட்டில் இருப்பது காலி மனையின் முகவரி. அதில் இப்போது வேறு யாராவது குடியிருக்கலாம். நிரல் சில நாள் ஒழுங்காக ஓடும், சில நாள் படுத்துவிடும். ஒருத்தர் முகவரியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தர் திருத்தினார், அதுதான் மூலகாரணம்.

ஜாவாக்காரர்களும் இதைச் சந்தித்திருக்கிறோம். ஒரு பட்டியலை லூப்பில் சுற்றிக்கொண்டே அதிலிருந்து ஒரு பொருளை நீக்கிப் பாருங்கள். நிரல் ஓடும்போது ஒரு நீளமான பெயருள்ள விதிவிலக்கு வந்து விழும். ஜாவா அதை ஓடும்போது, அதுவும் முடிந்த அளவுக்குத்தான் கண்டுபிடிக்கிறது. ரஸ்ட் ஓட்டும் முன்பே விடமாட்டேன் என்கிறது. நேற்றுவரை நான் 'இந்தக் கம்பைலருக்கு என்ன கேடு' என்று திட்டிய விதி, நான் பல வருடமாக ராத்திரி முழித்து உட்கார்ந்து துரத்திய ஒரு வகைப் பிழையின் வேரை வெட்டுகிற விதி. இது புரிந்த அன்று ஆறு குளோனை எடுத்தேன். மற்ற ஐந்து இன்னும் இருக்கின்றன, அவை தேவைதான்.

இதில் ஒரு சொந்த அபிப்பிராயம். குளோன் போடுவது பாவம் என்கிற மாதிரிச் சிலர் எழுதுவார்கள். தொடக்கத்தில் போடலாம், தப்பில்லை. ஆனால் போடும்போது பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: 'இங்கே யார் உரிமையாளர் என்று எனக்குத் தெரியவில்லை.' ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்புகளை மட்டும் தேடிப் படித்தால் நீங்கள் எதைக் கற்றீர்கள், எதைக் கற்கவில்லை என்று தெரியும்.

வரலாறும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அது வீண்போகாது. ரஸ்ட், மொசில்லாவில் வேலை பார்த்த கிரேடன் ஹோர் 2006-இல் தன் சொந்த நேரத்தில் தொடங்கியது. 2009-இல் மொசில்லா ஆதரவு கொடுத்தது. 1.0 பதிப்பு 2015 மே 15 அன்று வந்தது. முதல் கம்பைலர் ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது. ஓகேமல், 'எம்எல்' என்ற குடும்பத்தைச் சேர்ந்த மொழி. ரஸ்டில் 'இஃப்' ஒரு மதிப்பைத் திருப்பித் தருவதும், ஒரு பொருளின் வடிவத்தைப் பார்த்துக் கிளை பிரிக்கும் 'மேட்ச்' என்பதும் அந்தக் குடும்பச் சொத்து. மேலே பார்த்தால் சி++ மாதிரி அடைப்புக்குறிகள், உள்ளே வேறு பரம்பரை. இது தெரியாமல் நான் ஒரு வாரம் முழுக்க ரஸ்டில் ஜாவா மாதிரி வகுப்பு மரபுரிமையைத் தேடிக்கொண்டிருந்தேன். அது அங்கே கிடையாது.

இரண்டாவது கேள்வி: இல்லையென்றால் என்ன செய்வாய்?

இதை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் இப்போது பல மொழிகளில் வந்துவிட்டது. அகராதி ஒன்றில் ஒரு சொல்லைத் தேடுகிறோம். ஜாவா கிடைத்ததைக் கொடுக்கும், கிடைக்காவிட்டால் 'நல்' என்ற வெறுமையைக் கொடுக்கும். நாம் பார்க்காமல் பயன்படுத்தினால் நிரல் விழும். இந்த வெறுமைச் சுட்டியை 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காகக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009-இல் ஓர் உரையில் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கிரேடன் ஹோர் வேறு ஆள்.) ரஸ்டில் தேடினால் கிடைப்பது ஒரு பொட்டலம். உள்ளே பொருள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிரித்துப் பார்த்து, இல்லாவிட்டால் என்ன என்பதையும் எழுதினால்தான் உள்ளே இருப்பதைத் தொடலாம். 'அன்ராப்' என்று ஒன்று உண்டு: 'கட்டாயம் உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் நிரல் நிற்கட்டும்' என்று சொல்வது. நம் ஊர் 'பார்த்துக்கலாம் சார்' மாதிரி. பயிற்சி நிரலில் போடுங்கள். பிறருக்குக் கொடுக்கும் நிரலில் ஒவ்வொன்றையும் தேடி விசாரியுங்கள்.

மூன்றாவது கேள்விதான் என்னை நிஜமாகவே மாட்டிவிட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய தமிழ் நூல்களின் மின்னுரைகளை வைத்துச் சொல் எண்ணிக்கை, எழுத்து எண்ணிக்கை பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதற்காகப் பத்து வருடத்துக்கு முன் ஜாவாவில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். ஒரு நூலில் எந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை, எந்த எழுத்தில் முடியும் சொற்கள் எத்தனை என்று அது சொல்லும். ரஸ்ட் கற்க இதையே திரும்ப எழுதலாம் என்று நினைத்தேன். தெரிந்த சிக்கல், தெரிந்த விடை.

ஒரு சொல்லின் முதல் எழுத்தை எடுக்க, ஜாவாவில் பூஜ்ஜியமாவது இடத்தில் இருப்பதைக் கொடு என்பேன். ரஸ்டில் அப்படி எழுதினால் நிரல் தொகுக்கவே தொகுக்காது. ஒரு சரத்தின் பூஜ்ஜியமாவது இடம் என்று ஒன்று கிடையாது என்கிறது கம்பைலர். எனக்கு நம்ப முடியவில்லை. பிறகு பைட் கணக்கில் வெட்டிக் கேட்டேன்: முதல் பைட்டை மட்டும் கொடு. தொகுத்தது, ஆனால் ஓடும்போது நின்றது. ஒன்றாவது பைட் எழுத்தின் எல்லை இல்லை, அது 'த' என்ற எழுத்துக்கு உள்ளே இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நின்றது.

ரஸ்ட் என்னிடம் கேட்டது இதுதான்: எழுத்து, எழுத்து என்கிறாயே, எதைச் சொல்கிறாய்?

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ரஸ்ட் சரங்களை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் வைக்கிறது. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நீளம் என்னவென்று கேட்டால் 15 என்று வரும். யூனிகோடு குறிகளை எண்ணினால் 5: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. நம் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் 3: த, மி, ழ். மூன்று விடையும் சரி. 15 என்பது கோப்பில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதற்கு. 5 என்பது யூனிகோடு அட்டவணையைப் பார்க்க. 3 என்பது மனிதருக்கு. மூன்றாவது எண்ணிக்கையை ரஸ்டின் அடிப்படை நூலகம் தருவதில்லை, அதற்குத் தனியாக ஒரு தொகுப்பைச் சேர்க்க வேண்டும். முதலில் இதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜாவா இந்தச் சொல்லுக்கு 5 என்று சொல்லும். கேள்வி கேட்காது. கடைசி எழுத்து என்ன என்றால் வெறும் புள்ளியைக் கொடுக்கும். இது பத்து வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்ததுதான். அப்போது நான் என்ன செய்தேன் என்றால், ஒட்டுப் போட்டேன். 'ஓர் எழுத்துக்கு அடுத்து உயிர்மெய்க் குறியோ புள்ளியோ வந்தால் அதையும் சேர்த்து இரண்டாக எடு.' வேலை முடிந்தது. அப்படியே விட்டுட்டேன்.

இப்போது ரஸ்ட் நிரல் ஓடியதும் இரண்டு நிரல்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒத்துப்போகவில்லை. ரஸ்ட் பட்டியலில் 'கொ' என்ற எழுத்து இரண்டு தடவை வந்திருந்தது, வெவ்வேறு எண்ணிக்கையோடு. 'போ' இரண்டு தடவை, 'மோ' இரண்டு தடவை. ஜாவா பட்டியலில் எல்லாம் ஒரே தடவைதான், ஆனால் 'கெ', 'பே', 'மே' மூன்றும் ரஸ்டில் இருப்பதைவிட அதிகம்.

சரி, ரஸ்டில் நான்தான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று முடிவு கட்டி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு கோப்பிலிருந்து பத்து வரியை எடுத்துத் தாளில் கையால் எண்ணினேன். கையால் எண்ணியது ரஸ்ட் சொன்னதோடு ஒத்துப்போனது, இரண்டு 'கொ'-வையும் கூட்டினால். பிறகு 'கொடு' என்ற சொல்லை இரண்டு கோப்புகளிலிருந்தும் எடுத்து பைட் நீளம் பார்த்தேன். ஒன்றில் 12. இன்னொன்றில் 15.

யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக ஒரு வழி. எகரத்தின் ஒற்றைக் கொம்பையும் ஆகாரத்தின் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், உள்ளே வேறு. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே இருந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய கருவி கவனிக்காமல் விட்டால் இரண்டாகவே தங்கிவிடும். என்னிடம் இருந்த கோப்புகளில் சில அப்படி மாற்றப்பட்டவை. அவற்றில் 'கொடு' என்பதன் முதல் எழுத்தைக் கேட்டால் என் ஜாவா ஒட்டு க-வையும் அடுத்த ஒரே ஒரு குறியையும் எடுத்தது. அந்தக் குறி வெறும் கொம்பு. விடை: 'கெ'. கொடுத்தான், கொண்டான், கொன்றான் எல்லாரும் கெட்டான் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

இதை வேடிக்கையாகச் சொல்கிறேன், ஆனால் அன்று வேடிக்கையாக இல்லை. ஏனென்றால் அந்த ஜாவா நிரலை நம்பி, எகர உயிர்மெய்யில் தொடங்கும் சொற்கள் ஒரு நூலில் மிகுந்திருப்பதாகவும் அது அந்த ஆசிரியரின் நடையைக் காட்டுவதாகவும் இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். நடையும் இல்லை, ஒன்றும் இல்லை. கோப்பை மாற்றிய கருவியின் நடை அது. குறிப்பைத் திரும்பப் பெற்று, ஏன் என்றும் எழுதி வைத்தேன்.

ஜாவாவைக் குறை சொல்லவில்லை. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் வசதி ஜாவாவின் அடிப்படை நூலகத்திலேயே 2006-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ரஸ்டில்தான் அதற்கும் வெளித்தொகுப்பு வேண்டும். கருவி ஜாவாவிடம் இருந்தது, கேள்வி இல்லை. ரஸ்டும் 'உன் கோப்பில் இரண்டு வகை ஒகரம் இருக்கிறது' என்று சொல்லவில்லை. 'எழுத்து என்றால் என்ன' என்று கேட்டு வழியை மறித்தது, மறித்ததால் நின்று படித்தேன், படித்ததால் கிடைத்தது.

இப்போது சில நடைமுறை விஷயங்கள்.

தெரிந்த சிக்கலை எடுங்கள் என்றேன். இதில் ஒரு பள்ளம் உண்டு. விடை தெரிந்த சிக்கலை எடுங்கள், பழைய மொழியில் எழுதிய அமைப்பை எடுக்காதீர்கள். பொறியியல் கல்லூரியில் சி படித்த எல்லோரும் இருவழி இணைப்புப் பட்டியல் எழுதியிருப்போம், இரண்டாம் வருட ஆய்வக நோட்டில் இருக்கும். அதையே ரஸ்டில் முதல் பயிற்சியாக எடுத்தால் அன்றோடு ரஸ்டை விட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு கண்ணியையும் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பிடித்துக்கொண்டிருக்கும், அப்போது யார் உரிமையாளர்? ரஸ்டின் முதல் விதிக்கே நேர் எதிரான அமைப்பு அது. இணைப்புப் பட்டியல்களை மட்டும் வைத்து ரஸ்ட் சொல்லித்தரும் ஒரு தனி இணையப் புத்தகமே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சி-யில் எளிது, அதனால் இங்கேயும் எளிது என்ற கணக்கு செல்லாது. ஒரு கோப்பைப் படி, எண்ணு, அச்சிடு என்ற அளவில் ஆரம்பியுங்கள்.

பிழைச்செய்தியைப் படியுங்கள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருபது வருட அனுபவம் உள்ளவர்கள்தான் படிப்பதில்லை. சி++ பிழைச்செய்திகள் பக்கம் பக்கமாக வந்து, படிக்காமல் இருக்க நம்மைப் பழக்கிவிட்டன. ரஸ்ட் கம்பைலர், எந்த வரியில் உரிமை போனது, எந்த வரியில் திரும்பக் கேட்டாய் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். பிழை எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் சின்னப் பாடமே நடத்தும். முதல் பிழையை மட்டும் சரிசெய்து திரும்பத் தொகுங்கள், கீழே இருக்கும் பத்தில் பாதி தானாகப் போய்விடும்.

ஓட்டுவதற்கு முன் விடையைத் தாளில் எழுதுங்கள். 'இது தொகுக்கும்', 'இது 5 என்று வரும்' என்று. தப்பாகும் ஒவ்வொரு தடவையும் உங்கள் பழைய மொழி எங்கே உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். என் நோட்டில் முதல் இரண்டு வாரம் பாதிக்குமேல் தப்பு.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்கலாமா என்று தம்பிகள் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன், ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு. பிழையைக் கொடுத்து 'சரிசெய்து தா' என்றால் பல சமயம் அதுவும் ஒரு குளோனைப் போட்டுத் தரும், என்னை மாதிரியே. 'சரிசெய்யாதே, இந்த விதி இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று மட்டும் சொல்' என்று கேட்டால் நல்ல விடை வருகிறது.

ஆயுட்காலக் குறிகள், மேக்ரோ, ஒத்திசையா நிரல், பாதுகாப்பு விலக்கிய பகுதி இவற்றையெல்லாம் முதல் இரண்டு மாதம் தொடாதீர்கள். ஸ்டீவ் கிளாப்னிக்கும் கேரல் நிக்கோல்ஸும் எழுதிய அதிகாரபூர்வப் புத்தகம் இணையத்தில் இலவசம். அதில் நாலாவது அத்தியாயம் உரிமை பற்றியது. அதை மூன்று தடவை படியுங்கள். நான் முதல் தடவை அரைமணியில் முடித்துவிட்டு, புரிந்துவிட்டது என்று நினைத்தேன், அப்புறம்தான் பதினொரு குளோன்.

தம்பியிடம் இரண்டு 'கொ' கதையைச் சொன்னேன். "அப்போ உங்க பழைய கட்டுரை எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணுமேண்ணா" என்றான். பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒகரம் முடிந்தது. ஔகாரத்தில் அதைவிட மோசம், அதன் வலப்பக்கக் குறிக்குப் பதிலாகப் பல கோப்புகளில் ளகர எழுத்தையே தட்டச்சு செய்திருக்கிறார்கள். இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் தொகுப்பு இதைத் தொடாது, இலக்கணப்படி அது வேறு எழுத்து.

இந்த வாரச் சிக்கல் அகரவரிசை. சொற்களை வரிசைப்படுத்து என்றால் ரஸ்ட் பைட் வரிசையில் அடுக்கிவிடுகிறது. யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்தது ன, ர-வுக்கு அடுத்தது ற. அதனால் பலாவுக்கு முன்னால் பறவை வந்து நிற்கிறது, மயிலுக்கு முன்னால் மன்னன். என் ஜாவா நிரலும் இத்தனை வருடமாக இப்படித்தான் அடுக்கியிருக்கிறது. நான் பட்டியலின் முதல் இருபது சொல்லுக்கு மேல் பார்த்ததே இல்லை.